பெர்பெத்துவாவின் ரெண்டாம் விரல்

கடல் உப்புக் கரித்துக்கொண்டிருந்த காலத்தில், அதாவது போன வருஷத்துக்கு முந்தின வருஷம், எங்கள் கீழமணல் மாதா கோயிலுக்கு ஒரு பியானோ வந்து இறங்கியது. பயணிகள் கப்பலில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், கப்பலில் புதுசு வாங்கிப் போட்டதும் பழசை மாதாவுக்கென்று கேட்டு வாங்கி அனுப்பியிருந்தார். வள்ளத்தைக் கரையேற்றுகிற மாதிரி எட்டு ஆம்பிளைகள் ஐலசா போட்டு அதைப் பீடத்துக்கு இடது பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்கள், பெண்கள் குலவையிட்டோம், பங்குச் சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார், ஆர்மோனியத்தைப் பெட்டி என்று சொல்லிப் பழகிய வாய் ஆகையால் அன்றைக்கே அதற்குப் பெரிய பெட்டி என்று பேரும் வைத்தாயிற்று, எல்லாம் ஆன பிறகுதான் ஊரில் ஒருத்தருக்கும் அதை வாசிக்கத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது.

அப்போது எங்கள் சாமியார் ரெமிஜியுஸ் ஊருக்குப் புதுசு, முப்பது வயசுகூட இருக்காது, யாரைப் பார்த்தாலும் ஏதாவது ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட வேண்டும் என்று துடிக்கிற மனுஷர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து பெர்பெத்துவா மெழுகுதிரி கொளுத்த வந்தாள். பெர்பெத்துவாவுக்கு ஐம்பத்தாறு வயசு, எட்டாங்கிளாஸ் படிப்பு, மகள் குவைத்தில் நர்ஸ், மகன் கோயம்புத்தூரில், வீட்டுக்காரர் கஸ்பார் மீன்பிடி போட்டுகளின் எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவர். சாமியார் ஒரு கையைப் பெட்டியின் மூடிமேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

“அம்மா, நீங்க வாசிப்பீங்களா?”

“வாசிப்பேன் சாமி. கண்ணாடி போட்டா நல்லாவே வாசிப்பேன்.”

அடுத்த நிமிஷமே சாமியார் மைக்கைப் பிடித்து, நாற்பது நாளில் வரும் மாதா திருவிழாவுக்கு மறைமாவட்ட ஆயர் வருகிறார், அவர் முன்னால் நம் பெர்பெத்துவா அம்மாள் பியானோ வாசிப்பார் என்று அறிவித்துவிட்டார். நம் பேச்சில் புத்தகத்தையும் வாசிக்கிறோம், பெட்டியையும் வாசிக்கிறோம், ரெண்டுக்கும் ஒரே சொல்தானே, பாவம் இவள் பூசையில் வேதப் புத்தகத்திலிருந்து நிருபம் வாசிக்கச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டாள் என்று நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கோயிலுக்குள் அப்படிச் சிரித்ததற்கு மாதா மன்னிக்கட்டும். இவள் போய் ‘சாமி, நான் தப்பா விளங்கிக்கிட்டேன்’ என்று சொல்லிவிடுவாள் என்று பார்த்தோம். அவளோ திங்கட்கிழமை காலை பஸ்ஸைப் பிடித்துத் தூத்துக்குடி போய், ஆசிரியர் இல்லாமலே பியானோ கற்கலாம் என்று அட்டையில் போட்டிருந்த புத்தகம் ஒன்றை வாங்கி, முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டாள்.

புத்தகம் நல்ல புத்தகம்தான், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது. பெருவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து என்று விரல்களுக்கு நம்பர் கொடுத்தது, நடுவில் இருக்கிற ஸி என்னும் கட்டை தொப்புளுக்கு நேராக வரும்படி உட்காரச் சொன்னது, உள்ளங்கைக்குள் ஒரு முட்டை இருப்பதாக நினைத்து விரல்களை வளைக்கச் சொன்னது. பெர்பெத்துவா நினைப்பதோடு நிற்காமல் நிஜமாகவே ஒரு முட்டையை வைத்துப் பழகினாள், மூன்றாம் பாடத்தில் அது உடைந்தது. ஐந்து கோடு போட்டு அதன்மேல் புள்ளி புள்ளியாக வைத்திருந்த பாடத்தில்தான் கொஞ்சம் திணறினாள், பிறகு அதற்கும் வழி கண்டுபிடித்து, இ, ஜி, பி, டி, எஃப் என்ற ஐந்து கோட்டுக்கும் எலிசபெத், ஜெர்த்ரூத், பிரிஜித், டொரோத்தி, ஃபிலோமினா என்று ஐந்து புனிதைகளைக் காவல் வைத்தாள். புள்ளியைப் பார்த்ததும் எந்த அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்வாள், விரல் தானாகப் போகும். போக வேண்டும். பாதி நேரம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

பதினோராம் நாள் சாயங்காலம், கோயிலுக்குள் ரோஸ்லின் பெருக்கிக்கொண்டிருந்தாள், அவள் மாமியார் முன்வரிசையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார், நான் பீடத்துக்குப் பூ மாற்றிக்கொண்டிருந்தேன். பெர்பெத்துவா நாலாம் பாடத்தை எடுத்தாள். எலிசபெத், எலிசபெத், ஜெர்த்ரூத் என்று போய் ஒரு இடத்தில் விரல் சறுக்கியது. சறுக்கின இடத்தில் பெட்டி சத்தம் போடவில்லை, வாசித்தது. ஒரு பொம்பிளைக் குரலில், ஞாயிற்றுக்கிழமை நிருபம் வாசிக்கிறவர்கள் நிறுத்தி நிதானமாக வாசிப்பார்களே அந்த மாதிரி, “வாசகம். ரோஸ்லின் இன்று காலை மாமியாருக்கு வைத்த நாலு இட்லியும் முந்தாநாள் மாவு,” என்று வாசித்துவிட்டு நிறுத்திக்கொண்டது. நாங்கள் பழக்க தோஷத்தில் “இறைவா உமக்கு நன்றி” என்று சொல்லிவிட்டோம்.

மாமியார் ஜெபமாலையை மடியில் வைத்தார். “அதான் புளிச்சுதா?”

“நேத்து மாவு அத்த. முந்தாநாள் இல்ல,” என்றாள் ரோஸ்லின்.

பெட்டி அப்படியெல்லாம் பொய் சொல்லாது என்று மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. சரியான கட்டையைத் தொட்டால் பாடும், தப்பான கட்டையைத் தொட்டால் வாசிக்கும், காதுக்கெட்டின தூரத்தில் இருக்கிற யாருடைய மனசை வாசிக்கும் என்பது அதன் இஷ்டம். இது ஏன் இப்படி என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கப்பலில் இருந்த பெட்டி, எத்தனை ஜனங்களைப் பார்த்திருக்கும் என்று கோயில் உபதேசியார் சொன்னார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எங்களுக்கு இருந்த கவலை எல்லாம் எந்தெந்த நேரத்தில் அவள் பழகுகிறாள் என்பதுதான். நாலு மணிக்கு அவள் கண்ணாடியைத் துடைத்தால் ஊரில் பாதி ஜனம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மேற்கே போய்விடும், மீதிப் பாதி கடலையைக் கொறித்துக்கொண்டு முன்பெஞ்சில் இடம் பிடிக்கும். இருதயராஜ் பெண்டாட்டி செலஸ்டினா, தன் புருஷனை வம்படியாகக் கூட்டிவந்து உட்காரவைத்தாள், முப்பது வருஷமாகத் தன்னைப் பார்த்து நல்லதாக ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன் உள்ளுக்குள் என்னதான் வைத்திருக்கிறான் என்று பார்த்துவிடுவது என்று. ஆறாம் பாடத்தில் பெர்பெத்துவாவின் சுண்டுவிரல் தடுக்கியது.

“வாசகம். இருதயராஜுக்குத் தன் மனைவி சிரிக்கும்போது தெரிகிற கோணப் பல்தான் பிடிக்கும். சொன்னால் அதை மறைத்துக்கொள்வாளோ என்று சொல்லவில்லை.”

செலஸ்டினா அந்த வாரம் முழுக்க வாயை மூடவே இல்லை.

நல்லது நடந்தால் ஆசையும் கூடத்தானே செய்யும். “யக்கா, எம் மருமவ இந்தா நிக்கா பாருங்க, சட்டுனு ஒரு கட்டையத் தப்பா அமுக்குங்களேன்,” என்று காதோரம் வந்து கெஞ்சுகிறவர்கள் பெருகினார்கள். இரக்கப்பட்டு அவளும் ஒருதடவை அமுக்கிப் பார்த்தாள். டொங் என்றது, அவ்வளவுதான். வேண்டுமென்று செய்கிற தப்பு எது, தெரியாமல் செய்கிற தப்பு எது என்று பெட்டிக்குத் தெரிந்திருந்தது. சாமியாருக்கு வேறு மனத்தாங்கல். செய்த பாவத்தைச் சாமியார் காதில் சொல்கிற சனிக்கிழமைப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையே இல்லை. கூப்பிட்டுக் கேட்டால், “அதான் வியாழக்கிழமையே பெட்டி வாசிச்சிட்டுதே சாமி, நீங்க கேக்கலையா?” என்கிறார்கள்.

ஒருநாள் மழை, கோயிலில் கூட்டம் இல்லை. நான் பீடத்துக்குப் பின்னால் இருக்கிற சங்கீஸ்தி அறையில் பீடத்துணி மடித்துக்கொண்டிருந்தேன், கஸ்பார் பெண்டாட்டிக்குத் தூக்குவாளியில் காப்பி கொண்டுவந்து நின்றார். ஏழாம் பாடத்தில் விரல் இடறியது.

“வாசகம். அன்றைக்கு சாமியார் கேட்டது புத்தகத்தை இல்லை, பெட்டியை என்று பெர்பெத்துவாவுக்கு அப்போதே தெரியும். பிள்ளைகள் வெளியூர் போன பிறகு அவளுடைய பத்து விரலையும் யாரும் எதற்கும் கேட்கவில்லை. கேட்டவரிடம் இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.”

கஸ்பார் காப்பியை ஆற்றினார், ஆற்றின காப்பியை இன்னொரு தடவை ஆற்றினார்.

“ஆறுது, குடி,” என்றார். “குடிச்சிட்டு அந்த ஏழாம் பாடத்தத் திரும்ப எடு. நாலாம் விரல் உனக்கு மடங்க மாட்டேங்குது.”

நான் பீடத்துணியை அவசரமில்லாமல் மடித்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன், அதுவும் அவள் சொல்லச் சொன்னதால்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தது, பங்குப் பேரவைத் தலைவர் மெல்கியோர் கோயிலுக்குள் விளக்கு மாட்ட வந்த நாள் வரைக்கும். ஏணிமேல் நின்றார். கீழே பெர்பெத்துவாவின் விரல் சறுக்கியது. “வாசகம். மெல்கியோர் தன்னுடைய,” என்று பெட்டி தொடங்கியது, அதற்குள் அவள் சரியான கட்டையைப் பிடித்துவிட்டாள், பெட்டி பாட்டுக்குப் போய்விட்டது. தன்னுடைய என்ன? அன்றிரவு கீழமணலில் சோறு இறங்கின வீடு ஒன்றிரண்டுதான் இருக்கும். தன்னுடைய தம்பியையா, தன்னுடைய வள்ளத்தையா, தன்னுடைய மீசைக்கு மையா என்று ஆளாளுக்கு நிரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மெல்கியோர் பேரவையைக் கூட்டினார்.

“ஆண்டவர் வாறாரு,” என்றார். ஆயரை எங்கள் பக்கத்தில் ஆண்டவர் என்றுதான் சொல்வது. “அவரு முன்னாடி இந்தப் பெட்டி வாயத் தொறந்தா ஊரு மானம் என்னாவும்? பேசாம வித்தை தெரிஞ்ச டவுன் கன்னியர் மடத்துக்கு அனுப்பிருவோம்.”

“அறிவிச்சாச்சே,” என்றார் சாமியார் பரிதாபமாக. “ஆயருக்கு லெட்டரும் போட்டாச்சு.”

“அப்ப ஒண்ணு செய்வோம். திருவிழாப் பூசையில பெர்பெத்துவா ஒரு தப்பும் இல்லாம வாசிக்கட்டும், பெட்டி இங்கயே இருக்கட்டும், சாவியையும் அவளே வச்சிக்கிடட்டும். ஒரே ஒரு தப்பு விழுந்தாலும் மறுநாள் காலையில லாரி வந்து நிக்கும். அதுவரைக்கும் சாவி எங்கிட்ட. பழகுத நேரத்துல நானே தொறந்து விடுதேன்.”

எல்லோரும் பெர்பெத்துவாவைப் பார்த்தோம். அவள் மடியில் வைத்திருந்த கையை ஒருதடவை விரித்துப் பார்த்துக்கொண்டாள். “சரிண்ணே,” என்றாள்.

அன்றைக்குத்தான் ஊருக்கு உறைத்தது. திருவிழாப் பூசைக்கு அக்கம்பக்கத்து ஏழு ஊர் ஜனமும் வரும், சம்பந்தக்காரர்கள் வருவார்கள், கட்டிக்கொடுத்த பெண்கள் புருஷனோடு வருவார்கள், அத்தனை பேர் நடுவில் ஒரு விரல் சறுக்கினால் யாருடைய வண்டவாளம் வெளியே வரும் என்று யார் கண்டது? அதுவரை கடலை கொறித்தவர்களும் பஞ்சு வைத்தவர்களும் ஒன்றாகச் சேர்ந்து, பெர்பெத்துவாவைத் தப்பே செய்யாதவளாக ஆக்குவது என்று இறங்கினோம். அவள் வீட்டுக்குத் தண்ணீர் நாங்கள் எடுத்தோம், மீனை ஆய்ந்து கழுவிக் கொடுத்தோம், கஸ்பார் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டார், அவர் குழம்பில் டீசல் வாசம் வந்தாலும் அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். அவள் வாசிக்க வேண்டிய மாதா பாட்டு நாலே வரி, வலது கை மட்டும்தான், இடது கைக்குப் புத்தகத்தின் ரெண்டாம் பாகம் வாங்க வேண்டும். அந்த நாலு வரிக்கு எந்தெந்த விரல் என்று ஊர் முழுக்க மனப்பாடம் ஆகிவிட்டது. கரைவலை இழுக்கிறவர்கள் ஒன்று ரெண்டு மூன்று நாலு என்று அதே கணக்கில் இழுத்தார்கள், வலை பின்னுகிறவர்களின் விரல்கள் தன்னையறியாமல் அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு என்று இறங்கின.

அந்த இறக்கத்தில்தான் வினை இருந்தது. கடைசி வரியில் பாட்டு மேலேயிருந்து படி இறங்கி வரும், ரெண்டாம் விரல் ஜெர்த்ரூத்தம்மாள் கோட்டில் வந்து உட்கார வேண்டும், பெர்பெத்துவாவின் மூணாம் விரல் எழுந்திருக்க மனசில்லாமல் அதற்கு மேலே உள்ள ஏ என்கிற கட்டையிலேயே இன்னொரு தடவை அமுங்கிவிடும். ஜெர்த்ரூத்துக்கும் பிரிஜித்துக்கும் நடுவில் உள்ள சந்தில் போய் நிற்கும். “ரெண்டாம் விரல்!” என்று கோயில் முழுக்கக் கத்துவோம். மார்க்கெட்டில் அவளைப் பார்த்தால் வணக்கம்கூடச் சொல்லாமல், “யக்கா, ரெண்டாம் விரல்,” என்போம். ரோஸ்லின் மாமியார் ஒன்பது நாள் நவநாள் வைத்து ஜெர்த்ரூத்தம்மாளிடமே நேரில் பேசினார்.

பத்துத் தடவைக்கு எட்டு சரியாக வந்தது, பிறகு ஒன்பது. அந்த ஒன்றுதான் எங்களைத் தூங்கவிடவில்லை. கடைசி வாரத்தில் செலஸ்டினா ஒரு யோசனை சொன்னாள்: “அது வாசிக்கிறதுக்கு முன்னாடி நாமளே வாசிச்சிட்டா என்ன?” ஊரில் அப்படி ஒரு வாரம் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடக்கவில்லை. எதிர்வீட்டுக்குப் போய் ‘உங்க கோழி எங்க வீட்டுச் சட்டியிலதான் கொதிச்சுது’ என்று சொன்னார்கள், பேசாதிருந்த அண்ணன் தம்பிகள் பேசினார்கள், பேசிக்கொண்டிருந்த ரெண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள், ஒரு கல்யாணம் நின்றது, ரெண்டு கல்யாணம் நிச்சயம் ஆயிற்று. திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் பார்த்தால் ஊரில் யாரிடமும் வாசிக்க ஒன்றும் பாக்கி இல்லை, மெல்கியோரைத் தவிர. அவர் வாயைத் திறக்கவில்லை.

திருவிழாப் பூசை. ஆயர் அறுபது தாண்டினவர், பெரிய உடம்பு, மெல்லிய குரல். கோயில் நிரம்பி வாசலுக்கு வெளியே பந்தல் வரைக்கும் ஜனம். மெல்கியோர் பெட்டிக்குப் பக்கத்தில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காவல்காரர் மாதிரி நின்றார். நற்கருணை முடிந்தது, பெர்பெத்துவா கண்ணாடியைத் துடைத்து, சேலையைச் சரிசெய்து, ஸி தொப்புளுக்கு நேராக வரும்படி ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

முதல் வரி வந்தது. ரெண்டாம் வரி வந்தது. பாடிக்கொண்டே எல்லோரும் விரலை மடக்கிக்கொண்டிருந்தோம். மூன்றாம் வரியில் கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டார். நாலாம் வரி, அஞ்சாம் விரல், நாலாம் விரல், மூணாம் விரல், மூணாம் விரல்.

ஏ.

“வாசகம்,” என்றது பெட்டி.

அப்போது என்ன நடந்தது என்றால், யாரும் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை, மாதா மேல் ஆணை, கீழமணல் ஜனம் அத்தனையும் அந்தத் தப்பான இடத்திலேயே போய் நின்று, தொண்டை நரம்பு புடைக்க அந்த ஏ-யைப் பிடித்துக்கொண்டோம். விடவில்லை. பெட்டி அடியில் என்னவோ வாசித்துக்கொண்டே போகிறது, நாங்கள் மேலே பாடிக்கொண்டே போகிறோம், எல்லோரையும்விட மேலே ஒரு குரல் மாடு கத்துகிற மாதிரி கத்துகிறது, யார் என்று பார்த்தால் மெல்கியோர், முகம் மிளகாய்ப்பழமாக, கண்ணில் தண்ணீர் வழிய. பெட்டி வாசித்து முடித்தது. நாங்கள் மூச்சை விட்டோம். பெட்டிக்குப் பக்கத்தில் காது வைத்தவள் மாதிரி உட்கார்ந்திருந்த பெர்பெத்துவா ஒருத்திக்குத்தான் அது கேட்டிருக்கும். அவள் மெல்கியோரை ஒருதடவை ஏறிட்டுப் பார்த்தாள், இருமல் வந்த பிள்ளையைத் தாய் பார்க்கிற மாதிரி, பிறகு மீதி வரியை முடித்தாள். மெல்கியோரின் தன்னுடைய என்னவென்று இன்றுவரைக்கும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

ஆயர் பீடத்திலிருந்து இறங்கி நேராகப் பெட்டிக்கு வந்தார்.

“நல்லாருந்துச்சு. ஆனா அந்தக் கடைசி வரி... நம்ம பாட்டுப் புத்தகத்துல வேற மாதிரில்ல இருக்கு?”

தப்பு விழுந்தது என்று மெல்கியோர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காலையில் லாரி. அவர் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“எங்க ஊரு ராகம் ஆண்டவரே அது,” என்றார். “நாங்க அப்படித்தான் பாடுவோம். எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து.”

“அப்படியா!” ஆயர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். “பழைய ராகமா? அப்ப இன்னொரு தடவை வாசிங்கம்மா. பக்கத்துலயே நின்னு கேக்குறேன்.”

இனி அந்தத் தப்பைத்தான் சரியாகச் செய்ய வேண்டும். பெர்பெத்துவா சிலுவை போட்டுக்கொண்டு தொடங்கினாள். நாங்கள் விரலை மாற்றி மடக்கினோம். மூணாம் விரல், யக்கா, மூணாம் விரலே இருக்கட்டும் என்று மனசுக்குள் கத்தினோம். ஆனால் இத்தனை நாள் ஊர் கூடிச் சொல்லிக்கொடுத்த விரல் அல்லவா அது, கடைசி வரியின் இறக்கத்தில், ஏழு ஊர் ஜனமும் ஏ-யில் காத்துக்கொண்டிருக்க, அவளுடைய ரெண்டாம் விரல், வாழ்க்கையில் அதைவிட அழகாக அது மடங்கினதில்லை, ஜெர்த்ரூத்தம்மாள் வாசலில் போய்ப் பணிவாக உட்கார்ந்தது.

“வாசகம்,” என்றது பெட்டி, இந்தத் தடவை குறுக்கே பாட யாருக்கும் தோன்றவில்லை. “ஆயருக்குப் பசிக்கிறது. சர்க்கரை என்று சொல்லிச் சொல்லி எல்லாப் பங்கிலும் அவருக்குக் கோதுமை உப்புமாவே வைக்கிறார்கள். பூசை தொடங்கியதிலிருந்து சீலா மீன் குழம்பு கொதிக்கிற வாசம் வருகிறது. பிரசங்கத்தை அவர் பாதியில் முடித்தது அதனால்தான்.”

ரெமிஜியுஸ் சாமியார் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். ஆயர் பெட்டியைப் பார்த்தார், பெர்பெத்துவாவைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார். அவருடைய பெரிய உடம்பு குலுங்க ஆரம்பித்தது. கோபமாக்கும் என்று பயந்தோம். சிரிப்பு.

“இந்தப் பெட்டி எப்பவும் இப்படித்தானா?”

“தப்பா வாசிச்சா மட்டும்தான் ஆண்டவரே,” என்றாள் பெர்பெத்துவா. “பொய் சொல்லக் கூடாது. நான் புத்தகத்தப் பாத்துத் தானாப் பழகுறவ. இன்னும் இடது கை வரல.”

“இடது கை எத்தனை நாள் ஆகும்?”

“ரெண்டாம் பாகம் வாங்கணும். ஒரு வருஷம் ஆகும். கூடவும் ஆகலாம்.”

“சாவி யார்கிட்ட?”

மெல்கியோர் கையை நீட்டினார்.

“அம்மாகிட்ட குடுங்க. அவங்ககிட்டயே இருக்கட்டும்.” ஆயர் குரலைத் தணித்துக்கொண்டார், ஆனால் மைக்கு அவர் மார்பிலேயே இருந்தது. “இடது கை நல்லா வந்தப்பறம் எனக்கு லெட்டர் போடுங்க. அதுக்கு முன்னாடி வேண்டாம். இப்ப, அந்தக் குழம்பு எங்கே?”

அவருக்கு நாலு துண்டு வைத்தோம். மெல்கியோரே பக்கத்தில் நின்று பரிமாறினார்.

பெர்பெத்துவா இப்போது ரெண்டாம் பாகத்தில் பன்னிரண்டாம் பாடத்தில் இருக்கிறாள். ரெண்டு கையும் சேர்ந்ததால் தப்பும் ரெண்டு மடங்கு, நாலு மணிக்கு முன்பெஞ்சில் இடம் கிடைப்பது கஷ்டம். மாதா பாட்டை எங்கள் பங்கில் அந்த ஏ-யோடுதான் பாடுகிறோம், ஞானஸ்நானம் வாங்குகிற பிள்ளைகள்வரை அப்படித்தான் கேட்டு வளர்கின்றன. வெளியூர்க்காரர் யாராவது கல்யாணத்துக்கு வந்து, தெரியாத்தனமாக அந்த இடத்தில் பாட்டுப் புத்தகத்தில் இருக்கிறபடியே பாடிவிட்டால், பூட்டின பெட்டி உள்ளேயிருந்து லேசாகத் தொண்டையைச் செருமும். நாங்கள் சட்டென்று சத்தத்தைக் கூட்டிக்கொள்வோம்.